மாற்றலாம், மறைக்கக் கூடாது

(கைக்கடிகாரப் பிரியர்களின் ஞாயிறு மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் மணி பார்க்கத் தெரியாதவர் எவரும் இல்லை. மணி பார்ப்பதற்காகவே கடிகாரம் கட்டியிருப்பவரும் அநேகமாக எவரும் இல்லை. சட்டைப் பையில் கிடக்கும் கைபேசி நம் எல்லாருடைய கடிகாரங்களையும்விடச் சரியாக நேரம் காட்டும். ஆகவே, "ஏற்கெனவே எட்டு இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?" என்று வீட்டில் கேட்டால், நேரம் பார்க்க என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வேறு பதில் வேண்டும்.

என் பதில் இது. திறந்து பார்த்தால் வேலை செய்யும் விதம் கண்ணுக்குத் தெரியும். பழுதானால் உறுப்பை மாற்றி மறுபடி ஓட வைக்கலாம். உடம்போடு சேர்த்து அணிந்தும் கொள்ளலாம். இந்த மூன்றும் சேர்ந்த இயந்திரம் நம்மிடம் வேறு எது இருக்கிறது? அந்த நடுவில் உள்ள குணம், அதாவது உறுப்பை மாற்றலாம் என்பதுதான், இந்தப் பொழுதுபோக்கை வளர்த்தது. இதில் உள்ள எல்லாச் சண்டைகளையும் கிளப்பிவிட்டதும் அதுதான். சேகரிப்பவர் அசலைத் தேடுகிறார். மாற்றிக் கட்டுபவர் அசலைக் கலைக்கிறார். தினமும் அணிபவர் அதைத் தேய்க்கிறார். பல சமயம் மூன்று பேரும் ஒரே ஆள். அப்படியானால் அசல் என்பது என்ன? இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான்.

முதலில் நமக்கு நெருக்கமான ஒரு கடிகாரத்தைத் திறப்போம். எச்.எம்.டி. ஜனதா. பின்மூடியைக் கழற்றினால் 0231 என்ற மெஷின் தெரியும். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் தொழில்நுட்பத்தின் வழியில் வந்தது. 17 கற்கள் கொண்டது. சாவி கொடுக்கும்போது உள்ளே ஒரு சுருள்வில் இறுகுகிறது. அது விரிய முயலும் விசை பல்சக்கரங்கள் வழியாக ஓடிவருகிறது. அந்த ஓட்டத்தைக் கடைசியில் ஒரு சிறிய கவை தடுத்துத் தடுத்து விடுகிறது. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை விடுவது என்று தீர்மானிப்பது பேலன்ஸ் சக்கரமும் அதன் நடுவே இருக்கும் முடியளவு மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கும். மணிக்கு 18,000 துடிப்பு, நொடிக்கு ஐந்து. ஒரு நாளைக்கு 4,32,000.

ஒரு நாளில் 86,400 நொடிகள். சாவி கொடுக்கும் பழைய கடிகாரம் ஒன்று நாளுக்குப் பத்து நொடி முந்தினால் "சரியா ஓடலை" என்கிறோம். கணக்குப் போட்டால் அது 8,640இல் ஒரு பங்குப் பிழை. வெறும் இரும்பும் பித்தளையும் எண்ணெயும் சேர்ந்து இந்த அளவு துல்லியம் தருவதை நினைத்தால் குறை சொல்ல வாய் வராது. சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் சான்று வாங்கும் கடிகாரங்களுக்கே நாளுக்கு நான்கு நொடி பிந்தவும் ஆறு நொடி முந்தவும் அனுமதி உண்டு.

இந்தப் பெருமையை ஒரே அடியில் சாய்த்தது குவார்ட்ஸ். 1969 டிசம்பர் 25 அன்று செய்கோ தன் ஆஸ்ட்ரானை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தது. இன்று நாம் செல் போட்டு ஓட்டும் கடிகாரங்களில் உள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கிக்கொண்டே போனால் ஒன்று வரும். அதுதான் நொடி முள்ளின் ஒரு தாவல். நூறு ரூபாய் கடிகாரம்கூட லட்ச ரூபாய்க் கடிகாரத்தைத் துல்லியத்தில் தோற்கடிக்கும் காலம் அங்கே தொடங்கியது. அதன்பின் இயந்திரக் கடிகாரம் பிழைத்திருப்பது தேவையால் அன்று, பிரியத்தால்.

நம் நாட்டில் இந்தக் கதையின் இரண்டு பாகங்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நடந்தன. பெங்களூரில் எந்திரக் கருவிகள் செய்துகொண்டிருந்த எச்.எம்.டி., சிட்டிசனின் துணையோடு 1961இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இந்தியக் கை என்றால் எச்.எம்.டி.தான். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிள்ளைக்கு அது. மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் போடும் வாட்ச் அது. பணி ஓய்வு நாளில் சக ஊழியர்கள் சேர்ந்து வாங்கித் தருவதும் அதுவே. பிறகு 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்தன. டைட்டன் குவார்ட்ஸை நம்பியது. அழகாகக் கடை போட்டது. கடிகாரத்தை நகைபோல விற்றது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

ஆலை மூடுகிறது என்ற பேச்சு எழுந்ததுமே, அதுவரை அலமாரி மூலையில் கிடந்த ஜனதாவையும் பைலட் என்ற இன்னொரு எச்.எம்.டி. மாடலையும் ஆட்கள் தேடத் தொடங்கினார்கள். இங்கேதான் நம் கேள்வி வாசலில் வந்து நிற்கிறது. எச்.எம்.டி. மாடல்கள் பலவற்றுக்குள் ஒரே 0231 மெஷின் இருக்கிறது. ஒன்றின் டயல் இன்னொன்றில் உட்காரும். ஒன்றின் முள் இன்னொன்றில் ஏறும். பழுது பார்ப்பவருக்கு இது வரம். பழையதைத் தேடி வாங்குபவருக்கு இதுவே கண்ணிவெடி.

உலகச் சேகரிப்பாளர்களிடம் 'மும்பை ஸ்பெஷல்' என்று ஒரு பெயர் புழங்குகிறது. நம்மில் சிலருக்கு அது கேட்கக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். இந்தியாவிலிருந்து விற்பனைக்கு வரும் பழைய கடிகாரங்களில், டயலுக்குப் புதிதாக வண்ணம் அடித்து, பெயரை மறுபடி அச்சிட்டு, கிடைத்த முள்களைப் பொருத்தி, கேஸைப் பளபளவென்று தேய்த்து அனுப்பப்படுபவற்றுக்கு அந்தப் பெயர். அடையாளங்கள் எளியவை. டயல் ஆரஞ்சாகவோ கிளிப்பச்சையாகவோ இருக்கும், அந்த மாடல் அந்த நிறத்தில் வந்திருக்கவே வந்திருக்காது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். நிமிடக் கோடுகள் சில தடித்தும் சில மெலிந்தும் நிற்கும். நிமிட முள் கோடுவரை எட்டாது, அல்லது கோட்டைத் தாண்டி நீளும்.

ஆனால் இந்த வழக்கம் எப்படிப் பிறந்தது என்று யோசித்துப் பாருங்கள். மும்பையும் சென்னையும் கடலோர ஊர்கள். வியர்வையும் உப்புக் காற்றும் பழைய கேஸ்களின் இடுக்கு வழியே உள்ளே போகும். பத்து வருடத்தில் டயல் பொரிந்துவிடும். வாடிக்கையாளர் கடைக்கு வந்து, "அண்ணே, மெஷின் நல்லாத்தான் ஓடுது, முகம்தான் பாக்க முடியல" என்பார். "குடுத்துட்டுப் போங்க தம்பி, புதுசு மாதிரி பண்ணிடலாம்" என்பார் கடைக்காரர். அவர் டயலைச் சுரண்டி, வண்ணம் அடித்து, பெயரை எழுதித் தருவார். வாங்குபவருக்குத் தெரியும், செய்பவருக்கும் தெரியும். இதில் பொய் எங்கே இருக்கிறது? வேட்டியில் ஒட்டுப்போடுவதுபோல அது ஒரு செப்பனிடல். அதே கடிகாரம் மூன்று கை மாறி, 'அசல், பழையது, அபூர்வ நிறம்' என்ற குறிப்போடு கடல் கடந்தபோதுதான் அது பொய்யாயிற்று. வண்ணம் அடித்தவர் பொய் சொல்லவில்லை. அந்தக் குறிப்பை எழுதியவர்தான் சொன்னார்.

இது ஏதோ நம் ஊர் தெருவோரக் குறும்பு, பெரிய இடங்களில் இப்படி நடக்காது என்று யாரும் எண்ண வேண்டாம். 2021 நவம்பரில் ஜெனிவாவில் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஏலம். 1957இல் அறிமுகமான ஒமேகா ஸ்பீடுமாஸ்டரின் முதல் வகைகளில் ஒன்று ஏலத்துக்கு வந்தது. கறுப்பு டயல் காலத்தால் காப்பி நிறமாக மாறியிருந்தது. சேகரிப்பாளர்கள் உயிரை விடும் நிறம் அது. மதிப்பீடு 80,000 முதல் 1,20,000 சுவிஸ் ஃபிராங்க். விலை போனதோ 31 லட்சம் ஃபிராங்குக்கும் மேலே. ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகத்துக்காகவே அதை வாங்கினார்கள். 2023இல் ஒமேகா நிறுவனமே வெளியே வந்து சொன்னது: அந்தக் கடிகாரம் வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டியது, தன் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கும் அதில் தொடர்பு இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தக் கடிகாரத்தின் உறுப்புகளில் பெரும்பாலானவை உண்மையான ஒமேகா உறுப்புகள்தான். கள்ளப் பட்டறையில் வார்த்த சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. தனித்தனியாக எடுத்தால் அவை அசல். சேர்த்து வைத்துச் சொன்ன வரலாறு போலி. இந்த உடம்பும் இந்த மெஷினும் இந்த முகமும் பிறந்ததிலிருந்து ஒன்றாகவே இருக்கின்றன என்ற வாக்குக்குத்தான் முப்பது லட்சம் கொடுத்தார்கள். அந்த வாக்கு உடைந்ததும் மிச்சம் இருப்பது நல்ல உதிரிப் பாகங்கள். மும்பை ஸ்பெஷலுக்கும் இதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். செய்கையில் ஒரே குற்றம்.

இப்போது எதிர்ப்பக்கம் பார்ப்போம். மாற்றம் நடந்தது, ஆனால் மதிப்பு குறையவில்லை என்று சொல்ல ஆதாரம் இருக்கிறதா? இருக்கிறது.

பிரிட்டன் விமானப் படைக்காக ஐ.டபிள்யூ.சி. நிறுவனம் 1940களின் கடைசியில் மார்க் 11 என்ற கடிகாரத்தைச் செய்தது. இருட்டில் ஒளிர அதன் டயலில் ரேடியம் பூசியிருந்தார்கள். ரேடியத்தின் ஆபத்து உறைத்த பிறகு, 1960களில் பிரிட்டன் பாதுகாப்புத் துறையே கடிகாரங்களைத் திரும்ப வாங்கி, டயல்களை மாற்றி, டிரிட்டியம் பூசியவற்றைப் போட்டது. அடையாளமாக டயலில் ஒரு வட்டத்துக்குள் 'டி' என்ற ஆங்கில எழுத்தை அச்சிட்டது. இன்றைக்கு அந்த மாற்று டயலோடு ஒரு மார்க் 11 கிடைத்தால் சேகரிப்பாளர் முகம் சுளிப்பதில்லை. யார் மாற்றினார்கள், எப்போது, எதற்கு என்பது ஊரறிந்த கதை. மாற்றியதற்கான சாட்சி டயலின் மேலேயே இருக்கிறது. மாற்றமே அந்தக் கடிகாரத்தின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் ஆகிவிட்டது.

இன்னொன்று, நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா. 2017 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் ஏலம் போய், ஒரு கோடியே எழுபத்தேழு லட்சம் டாலருக்கு மேல் விலை பெற்றது. அவருடைய மனைவி, நடிகை ஜோன் வுட்வர்ட், வாங்கித் தந்த கடிகாரம் அது. பந்தயக் கார் ஓட்டும் கணவருக்குப் பின்மூடியில் 'கவனமாக ஓட்டு, நான்' என்ற பொருளில் மூன்று சொற்கள் பொறித்துக் கொடுத்தார். ஆலையிலிருந்து வந்த மூடியைக் கீறுவது மாற்றம்தானே? தூய அசல்வாதியின் சட்டப்படி அது பழுது. ஆனால் அந்தக் கீறலைத் தேய்த்து எடுத்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நியூமன் அந்தக் கடிகாரத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கவும் இல்லை. கட்டினார், தேய்த்தார், 1984இல் மகளின் அப்போதைய காதலர் கையில் கடிகாரம் இல்லாததைப் பார்த்துக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

ஆக, மாற்றம் என்பது குற்றம் ஆகாது. மறைப்பதுதான் குற்றம். இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு நம்முடைய மூன்று வேலைகளையும் பார்த்துவிடலாம்.

முதலில் மாற்றிக் கட்டும் கலை. இளைஞர்கள் அதிகம் இறங்கியிருப்பது இதில்தான். இதன் ஆரம்பப் பாடசாலை செய்கோ. 1996இல் வந்த எஸ்.கே.எக்ஸ். 007 என்ற முக்குளிப்புக் கடிகாரம் மலிவு, முரட்டு உழைப்பு, 200 மீட்டர் நீர்த்தாங்கு திறன். உள்ளே 7எஸ்26 மெஷின். கை ஆடினால் தானாக இறுகும், ஆனால் சாவி கொடுக்க முடியாது, குமிழை இழுத்தாலும் நொடி முள் நிற்காது. இந்த இரண்டு குறையும் தீர்ந்த என்.எச்.35 என்ற மெஷின் தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது. இவற்றுக்குப் பொருந்தும் 28.5 மில்லிமீட்டர் டயல், முள், வளையம், கண்ணாடி என்று உலகம் முழுக்க ஒரு குடிசைத் தொழிலே நடக்கிறது. நீங்களே வடிவமைத்து, நீங்களே கட்டி, நீங்களே அணியலாம்.

ஆனால் கை பழக வேண்டும். டயலின் பின்னால் இரண்டு சிறிய கால்கள் இருக்கும்; அவை மெஷினின் குழிகளில் உட்கார வேண்டும். குமிழ் 3 மணிப் பக்கம் இருக்கும் கேஸுக்கும் 4 மணிப் பக்கம் இருக்கும் கேஸுக்கும் அந்தக் கால்களின் இடம் வேறு. பார்க்காமல் வாங்கினால் தேதிச் சன்னல் சாய்ந்து நிற்கும். முள் ஏற்றும்போது முதலில் குமிழைத் திருகித் தேதி சட்டென்று மாறும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்; அந்த இடத்தில் மணி முள்ளையும் நிமிட முள்ளையும் நேர் பன்னிரண்டில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கடிகாரத்துக்கு நள்ளிரவு இரண்டேகாலுக்கு வரும். விரலில் உறை மாட்டுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். எல்லாம் மூடிய பிறகு கண்ணாடிக்கு உள்ளே ஒரு தூசி தெரியும் பாருங்கள், அதைப்போல மனிதனை அடக்கத்துக்குக் கொண்டுவருவது வேறில்லை.

இந்தக் கலைக்கு ஒரே ஒரு எல்லைக்கோடு உண்டு. அது டயலில் அச்சிடும் பெயர். செய்கோ மெஷின் போட்டு, முக்குளிப்புக் கடிகாரத்தின் பழைய வடிவங்களைத் தழுவி எதை வேண்டுமானாலும் கட்டுங்கள். பெயரில்லாத டயல் போடுங்கள், உங்கள் பெயரையே போடுங்கள். ரோலெக்ஸ் என்று அச்சிட்ட அந்த நொடியில் அது கள்ளப் பொருள். "நான் விற்கவா போறேன், எனக்குத்தானே" என்று சிலர் சொல்கிறார்கள். கடிகாரம் நம்மைவிட நீண்ட நாள் வாழும். உங்களுக்குப் பிறகு அதை எடுக்கும் பேரனுக்கு உங்கள் மனசாட்சியைக் கேட்க வழி இருக்காது.

அடுத்து சேகரிப்பவர்களுக்கு. அசல் டயலில் கறை இருந்தால் இருக்கட்டும். அதைச் சுத்தமாக்க நினைத்தால் எழுத்தும் சேர்ந்து போகும். கேஸைப் பாலிஷ் போடாதீர்கள். ஒவ்வொரு பாலிஷிலும் உலோகம் குறைகிறது, ஆலை வெட்டிய கூரிய விளிம்பு மழுங்குகிறது, போனது திரும்பாது. அக்ரிலிக் கண்ணாடியின் கீறல் வேறு விஷயம், அதைத் தேய்த்துப் போக்கலாம், மாற்றவும் செய்யலாம். பழைய கடிகாரத்தில் பழுப்பேறிய ஒளிர்பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். நீங்களே திறந்து சுரண்டாதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. ஒளிரவில்லையே, ஆபத்து தீர்ந்தது என்றும் எண்ணாதீர்கள். அங்கே செத்தது ஒளிர்பூச்சு, ரேடியத்துக்கு இன்னும் ஆயுள் உண்டு. எண்ணெய் வறண்ட மெஷின் ஓடத்தான் செய்யும். ஓட ஓட அச்சு தேயும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டால்தான் அது உயிரோடு இருக்கும். சர்வீஸ் செய்பவர் பழைய உறுப்பு எதையாவது மாற்றினால், அந்தப் பழையதைக் கேட்டு வாங்கி ஒரு சிறு உறையில் போட்டு வையுங்கள்.

மூன்றாவது, அணிவது. நம் ஊர் வெயிலில் தோல் பட்டை ஒரு கோடையைத் தாண்டுவதே பாடு. வியர்க்கும் மாதங்களில் எஃகுச் சங்கிலியோ நைலான் பட்டையோ போடுங்கள். நேட்டோ பட்டை என்று கடைகளில் விற்பது 1973இல் பிரிட்டன் பாதுகாப்புத் துறை வகுத்த தரத்திலிருந்து வந்தது. ஒரே துண்டாகக் கடிகாரத்தின் அடியில் ஓடுவதால், ஒரு பக்க ஊசி கழன்றாலும் கடிகாரம் கீழே விழாமல் தொங்கும். மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பிக் குளத்தில் குதிக்காதீர்கள். அது கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவுதான். ஒருநாள் திடீரென்று கடிகாரம் நிமிடக் கணக்கில் முந்தி ஓடினால் மெஷின் கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். ஒலிபெருக்கி, கைபேசி உறையின் காந்தம் போன்றவற்றின் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தம் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரர் காந்தம் நீக்கும் கருவியில் காட்டினால் சில நொடிகளில் சரியாகிவிடும்.

பெட்டியில் பூட்டி வைப்பதுதான் காப்பது என்று நினைப்பவர்களிடம் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அணிவதால் வரும் கீறலும் ஒரு மாற்றம்தான். ஆனால் மாற்றங்களிலேயே எதையும் மறைக்காதது அது. கேஸின் ஓரம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் உரிமையாளர் எந்தக் கையில் கட்டினார், மேசைமேல் எழுதும் வேலையா, கருவி பிடிக்கும் வேலையா என்றுகூட ஊகிக்கலாம். யார் பெயரும் எழுதாத சாட்சியம் அது. தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்தச் சாட்சியத்தைத்தான் அழிக்கிறோம்.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். கார் வாங்கினால் கூடவே பதிவுப் புத்தகம் வருகிறது. நிலம் வாங்கினால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். தலைமுறை தாண்டி ஓடும் கடிகாரத்துக்கு மட்டும் நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஆகவே உங்களிடம் உள்ள ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். எப்போது, யாரிடம் வாங்கியது. எதெல்லாம் மாறியது, டயலா, முள்ளா, கண்ணாடியா. கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது. மறுவண்ணம் அடித்தது என்றால் மறுவண்ணம் அடித்தது என்றே எழுதுங்கள். உங்கள் கையால் கட்டியது என்றால் கையெழுத்துப் போடுங்கள், வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை. விற்றாலும் கொடுத்தாலும் சீட்டும் கடிகாரத்தோடு போகட்டும்.

இதற்கு அரசு ஆணை வேண்டாம், சங்கத் தீர்மானம் வேண்டாம், ஒரு பேனா போதும். பழைய கடிகாரம் விற்க வருகிறவரிடம் "சீட்டு இருக்கா?" என்று நாம் கேட்கத் தொடங்கினால் போதும், சில ஆண்டுகளில் விற்பவர்களே எழுதிக் கொண்டுவருவார்கள். அப்போது மறுவண்ணம் பூசிய ஜனதா தலை குனிய வேண்டியிருக்காது. தன் விலைக்குத் தன் பெயரில் விற்கும். அசல் ஜனதாவும் சந்தேகப் பார்வை இல்லாமல் தனக்குரிய விலையைப் பெறும். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு கடிகாரத்துக்கு எழுதிப் பாருங்கள். எதெல்லாம் உங்களுக்கே தெரியாமல் இருக்கிறது என்பது அப்போது தெரியும். நாளைக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.